யார் பக்கம் அமைதி

ஐப்பசி மழை அன்று ஒருநாள் விட்டிருந்தது. தரங்கம்பாடிக் கடற்கரையில் செண்பகவல்லியும் தணிகைவேலும் ஆளுக்கொரு பாய் விரித்து உட்கார்ந்தார்கள். நடுவில் ஒன்பது வயது மகள் நறுமுகை. அவள் மணிக்கட்டில் குடும்ப நீதிமன்றம் கட்டிவிட்ட பட்டை, பெற்றோரில் யார் அருகே அவள் மனம் அமைதியாக இருக்கிறதென்று நாடி பார்த்துக்கொண்டிருந்தது. மாலைக்குள் தீர்ப்பு வந்துவிடும்.

செண்பகவல்லி புளியோதரையைத் திறந்தாள்.

"அவளுக்குப் புளி ஆகாது. பெத்தவளுக்கு அதுகூடத் தெரியல" என்றான் தணிகைவேல்.

"உங்க ஓட்டல் சோறுதான் அவ வயித்தைக் கெடுத்துச்சு."

பட்டை சிவப்பாக மின்னியது. இருவரும் அவசரமாகச் சிரித்துவைத்தார்கள். நறுமுகை எழுந்தாள்.

"அலையில கால் நனைச்சுட்டு வரேன். ரெண்டு பேரும் வராதீங்க."

அவள் கடலைப் பார்த்தபடி தனியே நெடுநேரம் நின்றாள். பட்டை அன்று முதல்முறையாக அமைதியின் பச்சையில் ஒளிர்வதைக் கண்டதும் செண்பகவல்லி புளியோதரையை மூடிவைத்தாள்.

நான்கு மணிக்கு இருவர் போனிலும் ஒரே தீர்ப்பு வந்தது: குழந்தை அரசு விடுதியில் வளரட்டும்; அழைத்துப்போக வேன் வந்துகொண்டிருக்கிறது.

"எல்லாம் உங்களாலதான்" என்று சீறினாள் செண்பகவல்லி.

"உன் வாயாலதான்டி" என்றான் அவன்.

அவள் விடவில்லை, பத்து வருஷத்துக் கதையை முதலிலிருந்து எடுத்தாள். மூச்சு வாங்கித் திரும்பியபோது, நறுமுகை விடுதி வேனில் ஏறி, ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தாள்.