இன்னும் காயாத விரல்

நகர்மன்றத் தலைவரை நாங்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டுமா, வேண்டாமா? அரசாங்கம் எங்களைக் கேட்பதாக இல்லை. ஆகவே நாங்களே எங்களைக் கேட்டுக்கொண்டோம். பியூட்டி பார்லர் நடத்தும் சகாயராணி தன் கடையை வாக்குச்சாவடியாக்கி, அரிசி டிரம்மைப் பெட்டியாக வைத்தாள். அழியாத மைக்கு எங்கே போவது? மெஹந்தி கோனை எடுத்து ஆளுக்கொரு பொட்டு வைத்துவிட்டாள். அது காய்வதற்கு நேரமாகும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. ஓட்டுப் போட்டவர்களெல்லாம் இடக்கை விரலைத் தூக்கியபடி தெருவிலேயே நின்றார்கள். மதியத்துக்குள் ஊர் முழுக்க விரல்கள். இறங்க இடமில்லாமல் காக்கைகள் பக்கத்து ஊருக்குக் குடிபோயின, சத்தியம்.

எண்ணுவதற்கு முன்பே டிரம்மைப் பறிமுதல் செய்ய இன்ஸ்பெக்டர் வந்து இறங்கினார்.

"எல்லாரும் கையக் கீழ போடுங்க!"

"போட்டா சட்டையில ஒட்டிக்கும் சார். வீட்டுல நீங்களா வந்து திட்டு வாங்குவீங்க?" என்றது கூட்டம்.

சகாயராணி டிரம்மை இறுகக் கட்டிக்கொண்டாள். "இது எங்க ஊரு பேசுன பேச்சு சார். கேக்காமயே கொண்டு போயிடாதீங்க."

காலையிலிருந்து அங்கே காவலுக்கு நின்ற ஏட்டு பூங்காவனத்தின் பக்கம் திரும்பினார் இன்ஸ்பெக்டர். "என்ன வேடிக்கை? ரெண்டு கையாலயும் பிடிச்சுத் தூக்கும்மா அதை."

பூங்காவனம் நகரவில்லை. முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த இடக்கையை மெதுவாக எடுத்து, எல்லோரையும் போல விரலை உயர்த்தினாள்.

"இன்னும் காயலைங்கய்யா."