முன்சக்கரத்துச் சத்தம்

கார்ப் பட்டறைக்காரன் கோகிலனுக்குச் சின்னையா தரவேண்டிய பாக்கி இருநூற்று நாற்பது வெள்ளி. கேட்டால், அவருக்குத்தான் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"முன்சக்கரத்துல அதிர்ச்சி தாங்குற எப்சோபரு புதுசாப் போட்டியே, சத்தம் போச்சா? பள்ளத்துல இறங்கினா முன்னால டக்கு டக்குன்னு அடிக்குது. இதுக்குக் காசு வேறயா?"

"பழசுல எண்ணெய் ஒழுகினத உங்க கண்ணால பார்த்தீங்கதானே, அண்ணே? எத்தன தடவ ஓட்டிப் பார்த்துட்டேன், சத்தமே இல்லலா."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

கோகிலனுக்குச் சுருக்கென்றது. சிலிம் ரிவர் ஊர் முழுக்க இவர் தன்னை ஏமாற்றுக்காரன் என்று சொல்லித் திரிவது அவன் காதுக்கும் வந்திருந்தது.

"ஏறுங்க. உங்க வீடு வரைக்கும் நானே ஓட்டுறேன். அந்தச் சத்தத்தக் காட்டுங்க."

தோட்டத்துச் செம்மண் சாலையில் ஒரு பள்ளம் விடாமல் இறக்கி ஓட்டினான். கார் வாயே திறக்கவில்லை.

"உன்னப் பார்த்தா அதுவும் நடிக்குது" என்றார் சின்னையா.

வீட்டு வாசலில் அவர் மனைவி மங்களம் கோயிலுக்குக் கிளம்பி நின்றார். கையிலிருந்த இரும்பு ஸ்டீரிங் பூட்டை வழக்கம்போல முன்சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டார்.

முதல் பள்ளத்திலேயே, டக்கு!

"இதான்! இதேதான்!" சின்னையா துள்ளினார்.

கோகிலன் காரை நிறுத்தி, குனிந்து, சீட்டுக்கு அடியில் இடித்துக்கொண்டிருந்த பூட்டை வெளியே இழுத்தான். "பட்டறைக்கு வர்றப்ப இது ஏன் வண்டியில இருக்கிறதில்ல?"

"அங்க திருடிடுவாங்கன்னு வீட்டுலயே வச்சிட்டுத்தான் வருவாரு, தம்பி" என்றார் மங்களம், வெள்ளந்தியாக.

சின்னையா பாக்கி முழுவதையும் எடுத்து நீட்டினார்.

கோகிலன் அதை அவர் முகத்துக்கு எதிரிலேயே, ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் பையில் போட்டான்.