கறுப்புக்கு மேல் கறுப்பு

பிச்சாண்டி காரின் பின் கண்ணாடியில் கூலிங் பேப்பரை ஒட்டித் தண்ணீரை வழித்துவிட்டு நகர்ந்தார். கார்க்காரன் உள்ளே ஏறி, பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்து கதவைச் சாத்தினான். கன்னத்தில் அறை விழும் சத்தம் கேட்டது. இறங்கி வந்தான்.

"தெரிஞ்சுதா அண்ணாச்சி?"

ஒன்றும் தெரியவில்லைதான். அப்படிச் சொன்னால் படுபாவி இதையே ஒட்டிக்கொண்டு போய்விடுவான், அப்புறம் அவள் கதி என்ன?

"பளிச்சுன்னு தெரியுதுவே" என்று புளுகினார்.

"இதவிடக் கறுப்பா எடும்."

அடுத்த இரண்டு தாளுக்கும் ஏறினான், அறைந்தான், இறங்கிக் கேட்டான். பிச்சாண்டியும் விடாமல் அதே புளுகைச் சொன்னார். நான்காவது சுருளைத் தேடி அவனே கடைக்குள் போனபோது கார்க் கதவு லேசாகத் திறந்தது. அவள் உதடு கிழிந்திருந்தது.

"தெரியலன்னே சொல்லிருங்க அண்ணாச்சி" என்றாள்.