தக்ளியின் வேகம்

பஞ்சை நூற்றே பழகிய தக்ளிக்கு விறுவிறுவென்று சுற்ற மட்டும்தான் தெரியும். ஒருநாள் ஆட்டு ரோமம் வந்தது. அதையும் அதே வேகத்தில் சுற்றியது. ரோமம் சுருண்டு சுருண்டு சிக்காகி, "நான் ஆட்டுக்கிட்டயே போறேன்" என்று அழுதது.

"வீம்புக்காரக் கழுதை!" என்றது தக்ளி.

"இல்லண்ணே," என்றது பஞ்சு. "நான் குட்டை இழை, இறுக்கி முறுக்கலைன்னா பிரிஞ்சிடுவேன். அது நீளம். மெல்லச் சுத்தினாலே போதும்."

தக்ளி முணுமுணுத்துக்கொண்டே மெல்லச் சுற்றியது. ரோமம் நூலாகி, அதன் இடுப்பைக் கட்டிக்கொண்டு தூங்கிப்போனது.

மறுநாள் தேங்காய் நார் வந்தது. இந்த முறை தக்ளி முந்திக்கொண்டு, "உனக்கு எப்படிச் சுத்தணும், கண்ணு?" என்று கேட்டது.

"எனக்கு நீங்க வேண்டாமே. உள்ளங்கையில வச்சுத் திரிச்சாலே கயிறாயிடுவேன்."

தக்ளிக்குச் சுருக்கென்றது. பிறகு கேட்டது:

"பக்கத்துல உக்காந்து பாக்கலாமா?"