இன்னும் நாலு அங்குலம்

"இன்னும் நாலு அங்குலம் உள்ளே போகணும். வரப்போறது அடுப்பு, பொம்மை இல்லே," என்றாள் நார்மா, டேப்பைச் சுருட்டியபடி.

கணப்புக் குழிக்குள் தலையை விட்டிருந்த வில்ஃப் வெளியே வந்தார். எழுபத்து மூன்று வயது முகத்தில் கண்ணும் பல்லும் தவிர மற்றதெல்லாம் கரி.

"நேத்தும் நாலு அங்குலம்னுதான் சொன்னே."

"நேத்து சொன்னது நேத்தைக்கு. இன்னைக்கு இடி."

நார்மா பக்கத்து வீட்டுக்காரி. இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் மலைச்சரிவில் ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் அவருடையது பதினொன்று, அவளுடையது பதின்மூன்று; இரட்டைப்படை எண்களெல்லாம் எதிர்வரிசையில். நடுவில் ஒரே சுவர்தான். அவர் தும்மினால் அவள் அங்கிருந்தே திட்டுவாள். கணவனைப் புதைத்துவிட்ட பிறகு திட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டுமே.

வில்ஃபின் மகன் ரஸ்ஸல் சனிக்கிழமை வருகிறான், முதியோர் இல்லத்தின் படிவத்தோடு. போன குளிர்காலத்தில் அப்பா சமையலறையில் கோட்டும் தொப்பியுமாக நாற்காலியில் தூங்கியதை அவன் பார்த்துவிட்டான். "இந்தக் குளிர்ல தனியாக் கிடந்து என்னப்பா பண்ணப்போறீங்க?" என்று அன்றிலிருந்து ஒரே பாட்டு.

அதற்குப் பதிலடியாகத்தான் இந்த விறகு அடுப்பு. வில்ஃபுக்குப் போனில் ஆர்டர் கொடுக்கத் தெரியாது என்பதால் நார்மாவே தேர்ந்தெடுத்துச் சொல்லிவிட்டாள். பொருத்துகிற ஆள் நாளைக் காலை வருவான். குழி தயாராக இல்லாவிட்டால் வந்த வழியே போய்விடுவான். அடுத்த தேதி கிறிஸ்துமஸ் கழிந்துதான். அதற்குள் வில்ஃப் இல்லத்தில் உட்கார்ந்து, உப்பில்லாத சூப்பைக் குடித்துக்கொண்டிருப்பார்.

நான்கு நாளாக இடிக்கிறார். பழுதாகிக் கிடந்த கேஸ் கணப்பைக் கழற்றினால் பலகை, பலகைக்குப் பின்னால் செங்கல், செங்கலுக்குப் பின்னால் யாரோ கொட்டிவைத்த கல்லும் மண்ணும். இந்த வீட்டில் இருந்தவன் ஒவ்வொருவனும் முந்தையவன் வைத்ததை மூடிவிட்டுத் தன்னுடையதை வைத்திருக்கிறான். போதாததற்குப் புகைபோக்கியிலிருந்து இரண்டு மூட்டைச் சுள்ளி வேறு விழுந்தது.

"இருபது வருஷமா மேலே காக்கா குடித்தனம் நடத்தியிருக்கு. எனக்கே தெரியாம."

"உன் வீட்டுல நடக்கிறது உனக்கு என்னைக்குத் தெரிஞ்சிருக்கு? ஏன்யா, மேலே இருக்கிற கல் உத்தரத்துல மட்டும் கை வெச்சுடாதே. மாடியே அது மேலதான் நிக்குது."

"நாப்பது வருஷம் பஸ் ஓட்டினவன்மா நான்."

"அதனாலதான் சொல்றேன். ஸ்டாப்ல நிறுத்தாமப் போற ஆளு நீ."

வில்ஃப் உளியை எடுத்தார்.

"உன் தூசியெல்லாம் என் வீட்டுக்குத்தான் வருது, பாரு," என்று நார்மா கையை நீட்டினாள். நகக்கண்ணெல்லாம் கறுப்பு.

"மன்னிச்சுக்கம்மா. நாளையோட முடிஞ்சுடும்."

"சரி சரி. நான் போய் டீ போடறேன். நீ நாலு அங்குலத்தை முடி."

அவள் போனதும் வில்ஃப் மண்டியிட்டுப் பின்சுவரில் உளியை வைத்தார். மூன்றாவது அடியில் ஒரு செங்கல் ஆடியது. ஆடுவதைத்தான் முதலில் எடுக்க வேண்டும் என்று ஓங்கி ஒன்று போட்டார். செங்கல் அவர் பக்கம் வரவில்லை. அந்தப் பக்கமாகப் போய்த் தொப்பென்று விழுந்தது. கூடவே இன்னும் இரண்டு.

ஓட்டை வழியே வெளிச்சம் வந்தது.

வில்ஃப் உளியைக் கீழே போட்டார். அடுத்தவள் வீட்டுச் சுவரை உடைத்தாயிற்று. இனி ரஸ்ஸல் குளிரைப் பற்றிப் பேசவே வேண்டாம். அப்பாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று ஒரே வார்த்தை சொன்னால் போதும். ஐம்பது வருடம் வாழ்ந்த வீடு கையை விட்டுப் போகிறதே என்று அவருக்குக் கண்ணில் நீர் வந்து, கரியில் இரண்டு கோடு போட்டது.

"நார்மா," என்று கூப்பிட்டார். "உன் சுவரை உடைச்சுட்டேன்மா."

ஓட்டைக்கு அந்தப் பக்கம் நார்மாவின் முகம் குனிந்து எட்டிப் பார்த்தது. அவளைச் சுற்றிலும் சுத்தமாகப் பெருக்கிய ஒரு கணப்புக் குழி, ஓரத்தில் வரிசையாக அடுக்கிய செங்கற்கள், கையில் சுத்தியல்.

"இதுக்கு நாலு நாளா? என் பக்கம் செவ்வாய்க்கிழமையே முடிஞ்சாச்சு," என்றாள். "நாளைக்கு வர்ற அடுப்புக்கு ரெண்டு பக்கமும் கதவு. சனிக்கிழமை உன் பையன் வந்து, எங்கப்பா தனியா இருக்கார்னு சொல்லட்டும், இங்கே உக்காந்துக்கிட்டே நான் பதில் சொல்லிக்கிறேன்."