நியாயமான ரேட்

“உங்களைக் கொள்ளையடிச்சுட்டாங்க அத்தை. பட்டப்பகல்ல.”

மாமியாரின் போனைக் கையில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளை கொதித்தான். சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அவன் மனைவி, குழாயை மூடிவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டாள்.

நடந்தது இதுதான். வெளிநாட்டில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்திருந்த அந்த அம்மாள் காலையில் ரயில் நிலைய வாசலில் இருந்த ஏடிஎம்மில் தன் ஊர் கார்டைச் செருகிப் பணம் எடுத்திருக்கிறார். உங்கள் நாட்டுப் பணத்திலேயே கணக்குப் போடட்டுமா என்று திரை கேட்டிருக்கிறது. தெரிந்த பணத்தின் பெயரைப் பார்த்ததும் மனசுக்குத் தெம்பாகிப் பெரிய பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டார்.

அந்தப் பச்சையில்தான் பித்தலாட்டமே என்றான் மாப்பிள்ளை. சரி என்றால் மெஷின்காரன் வைத்ததுதான் ரேட். வேண்டாம் என்றால் நம்முடைய பேங்க் போடுகிற ரேட். பத்தில் ஒரு பங்கு அப்படியே போயிருந்தது. சரக்குக் கப்பல் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவன் அவன். இந்த மாதிரி ஏமாற்றைக் கண்டால் ரத்தம் தலைக்கேறிவிடும்.

திட்டி ஓய்ந்த பிறகுதான், அவ்வளவு பணம் எதற்கு என்று கேட்கவே தோன்றியது. மகளுக்கு ஒன்று வாங்கித் தரவேண்டும், எடுத்தது போதாது, இன்னும் வேண்டும் என்றார் மாமியார். ரொக்கமாகக் கொடுத்தால் கடைக்காரர் கொஞ்சம் குறைக்கிறாராம்.

நகையாகத்தான் இருக்கும் என்று மாப்பிள்ளை மனக்கணக்குப் போட்டான். கோபம் பாதி இறங்கியது. “கிளம்புங்க. எப்படி எடுக்கணும்னு நான் காட்டறேன்.”

பேங்க் இரண்டு தெரு தள்ளி இருந்தது. போகிற வழியெல்லாம் கண்ணில் பட்ட மெஷினையெல்லாம் வைதுகொண்டே போனான். கமிஷன் கிடையாது என்று போர்டு மாட்டிப் பணம் மாற்றித் தருகிறவர்களையும் விடவில்லை. கேள்வி கேட்காமல் கையை நீட்டுகிறவர்கள் இருக்கும்வரை இவர்கள் பிழைப்பு ஓடும் என்றான். அது தனக்குத்தான் என்று மாமியாருக்குப் புரிந்தது. பையை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தார்.

கண்ணாடிக் கதவு திறப்பதற்காக அவன் பர்ஸிலிருந்து கார்டை எடுத்துத் தேய்த்தான். பர்ஸில் இன்னொரு கார்டும் இருந்தது. அதில் இருந்த பெயரை மாமியார் பார்த்துவிட்டார்.

“அவ கார்டு உங்ககிட்டயா இருக்கு?”

அதற்கும் அவனிடம் காரணம் இருந்தது. போன வருடம் விடுமுறைக்கு வேறொரு நாட்டுக்குப் போனபோது அவளும் இதே பச்சைப் பொத்தானை அழுத்தினாளாம். அன்றைக்கு வாங்கி வைத்ததுதான். அவள் சம்பளம் வந்து விழுகிற கணக்கு அது; ஆனாலும் வேண்டியதை இவனிடம் கேட்டால் வாங்கித் தரமாட்டேன் என்றா சொல்கிறான்? வேலைக்குப் போட்டுக்கொண்டு போகிற ஷூ கிழிந்துவிட்டதாம், நச்சரித்துக்கொண்டே இருக்கிறாள். தள்ளுபடி போடட்டும் என்று நிறுத்தி வைத்திருக்கிறான்.

“எதை அழுத்தறதுன்னு தெரியாதவங்க கையில கார்டு எதுக்கு, அத்தை?”

மாமியாரின் முகம் கறுத்துவிட்டது. கார்டைச் செருகினார். ரகசிய எண்ணை அவர் குத்திய குத்தில் பொத்தான் உள்ளே போய்விடும்போல் இருந்தது.

திரை இங்கேயும் அதே கேள்வியைக் கேட்டது. மாப்பிள்ளை அவர் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, மூலையில் பொடி எழுத்தில் ஒளிந்திருந்த ‘வேண்டாம்’ என்பதைத் தானே அழுத்தினான். நோட்டுகள் வந்தன. ஊர்க் கணக்கில் கழிந்த தொகையைப் போனில் பார்த்ததும் அவன் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

வாங்குகிற பொருள் பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாமா என்று கேட்டுக்கொள்ளச் சொன்னான். கேட்டாயிற்று, திருப்பிக் கொடுத்தால் பணம் வராதாம், அதனால்தான் விலையும் குறைவாம் என்றார் மாமியார். அப்படியானால் நன்றாக யோசித்து வாங்குங்கள் என்றான்.

“நல்லா யோசிச்சாச்சு, மாப்பிள்ளை.”

ஞாயிற்றுக்கிழமை மாமியார் ஊருக்குக் கிளம்பினார். விமான நிலையத்தில் மாப்பிள்ளைக்கு எதைப் பார்த்தாலும் எரிந்தது. காரை நிறுத்துவதற்கு அநியாயக் கட்டணம். வரும்போது ஒரு பெட்டியோடு வந்தவர் போகும்போது இரண்டோடு போகிறார். வீட்டிலிருந்து என்னத்தை அள்ளிக்கொண்டு போகிறாரோ தெரியவில்லை. மகளுக்கு வாங்கிய நகையையும் இதுவரை அவன் கண்ணில் காட்டவே இல்லை.

உள்வாசலில் காவலர் ஒவ்வொருவரையும் பார்த்துப் பார்த்து அனுப்பிக்கொண்டிருந்தார். மாமியார் டிக்கெட்டைக் காட்டிவிட்டு உள்ளே போய் நின்றுகொண்டு திரும்பிப் பார்த்தார். பெட்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு அவன் மனைவியும் வாசலை நோக்கி நகர்ந்தாள்.

அவன் பாய்ந்து அவள் கையைப் பிடித்தான். சுற்றிலும் ஆட்கள் நிற்கிறார்களே என்றுகூடப் பார்க்கவில்லை.

“போர்டைப் படிக்கத் தெரியாதா உனக்கு? டிக்கெட் இருக்கறவங்கதான் உள்ளே போகலாம்.”

அவள் அவன் விரல்களைத் தன் கையிலிருந்து பிரித்தெடுத்தாள்.

“என்கிட்ட இருக்கு.”