செங்கமலத்தின் குடம்

முகம் இன்னும் வரவில்லை.

அவள் மொச்சை உரித்துக்கொண்டே டிவியைப் பார்த்தாள். பார்க்காததுபோலப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மகள் தாரிகா திரைச்சீலைகளை இழுத்து மூடிவிட்டு, கையில் கன்ட்ரோலரோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். பேய் விளையாட்டுக்கு இருட்டு வேண்டுமாம்.

விளையாட்டின் பெயர் ‘நடுக்கிணறு’.

அதே பெயரில் வெள்ளிக்கிழமைதோறும் வந்த பேய்த் தொடரை வைத்துச் செய்தது. அந்தத் தொடரில் செங்கமலம் என்கிற பேயாக முதலில் நடித்தது அவள்தான்.

முதலில்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை வேறொருத்தி கிணற்றிலிருந்து ஏறி வந்தாள். திரையின் அடியில் எழுத்து ஓடியது.

இவருக்குப் பதில் இவர்.

ஊர் சீக்கிரமே பழகிக்கொண்டது. தொடர் அதன் பிறகும் வருஷக்கணக்கில் ஓடியது. செங்கமலம் என்றால் மளிகைக் கடைக்காரருக்குக்கூட இப்போது அந்த இன்னொருத்திதான்.

ஏன் விலகினாய் என்று மகள் கேட்டபோதெல்லாம், தேதி ஒத்துவரவில்லை என்றே சொல்லிவந்தாள். உண்மையைச் சொன்னால் பிள்ளை அதைத் தன் தலையில் போட்டுக்கொள்ளும்.

விளையாட்டு வரப்போகிறது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அவளுக்கு ஒரே நினைப்பு. யார் முகத்தைப் போட்டிருப்பார்கள்? நினைக்கவே வெட்கமாக இருந்தது. போயும் போயும் ஒரு பேய் முகத்துக்கா இத்தனை ஆசை?

ஆசைதான்.

கிணற்றுச் சுவரில் ஈரக் கை ஒன்று விழுந்தது. கூந்தல் வந்தது. நெற்றி வந்தது.

மொச்சை கையிலேயே நின்றது.

முகம் திரும்பியது.

இன்னொருத்தி.

அவளுக்கு வயிறு எரிந்தது. நன்றாகவே எரிந்தது. அதே பெரிய கண், அதே கூர்மூக்கு. கம்ப்யூட்டரில் கொஞ்சம் மெருகேற்றி வேறு வைத்திருந்தார்கள்.

தாரிகா திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அவள் முழங்காலில் தட்டிக்கொடுத்தாள்.

அவள் வேகவேகமாக உரித்தாள். தோல் கிண்ணத்திலும் மொச்சை குப்பையிலும் விழுந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

தளக். தளக்.

குடத்தில் தண்ணீர் தளும்புகிற சத்தம். செங்கமலம் எங்கே போனாலும் ஒரு பித்தளைக் குடத்தோடுதான் போவாள். இடுப்பில் வைக்கமாட்டாள். இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு வருவாள்.

குடத்துக்குள் என்ன இருக்கிறது என்று தொடர் கடைசிவரை சொல்லவில்லை. ரத்தம் என்றார்கள். பாம்பு என்றார்கள். புருஷனின் தலை என்றுகூடச் சொன்னார்கள். ரசிகர்கள் இன்றைக்கும் இதற்காகச் சண்டை போடுகிறார்கள். விளையாட்டிலும் அதே கேள்விதான். பிடிபடாமல் போய்க் குடத்தை எட்டிப் பார்த்துவிட்டால் ஜெயித்த மாதிரி.

தாரிகா ஓடினாள். பிடிபட்டாள்.

மறுபடி ஓடினாள். மறுபடி பிடிபட்டாள்.

உரித்துக்கொண்டிருந்தவள் செங்கமலத்தின் முகத்தை விட்டுவிட்டு நடையைப் பார்த்தாள்.

கொஞ்சம் பின்னால் சாய்ந்து, காலை அகட்டி, குதிகாலை அழுத்தி ஒரு நடை.

இன்னொருத்திக்கு ஏது இந்த நடை? அவளை நிற்கவைத்து இவளுடைய பழைய காட்சிகளைப் போட்டுக் காட்டி, இப்படியே நட என்றிருப்பார் டைரக்டர். அவளும் நடந்திருப்பாள். விளையாட்டு செய்தவர்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

முகம்தான் இன்னொருத்தியுடையது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் லேசாக. பிறகு மடியிலிருந்த கிண்ணம் சரிந்து மொச்சை தரையெல்லாம் உருளுகிற அளவுக்கு.

தாரிகா ஆட்டத்தை நிறுத்தினாள். திரையில் செங்கமலம் குடத்தோடு அப்படியே நின்றாள்.

“என்னம்மா சிரிக்கிற? குடத்துல என்ன இருக்குன்னு உனக்குத் தெரியுமா?”

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். தண்ணீர் பிடித்துவைக்கிற எவர்சில்வர் குடத்தைக் காலி செய்து எடுத்துவந்தாள். டிவிக்குப் பக்கத்தில் நின்றாள். குடத்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, பின்னால் சாய்ந்து, கூடத்தில் நாலு எட்டு நடந்தாள்.

தாரிகாவுக்குப் புல்லரித்தது. திரையில் நிற்பதும் கூடத்தில் நடப்பதும் ஒரே பேய்.

“குடம் காலிதான்டி. தண்ணிச் சத்தமெல்லாம் அப்புறமா சேர்த்தது. கேமராமேன் சம்பந்தம் அண்ணன்தான், வயிறு தெரியுதும்மான்னு சொல்லி இதைக் கையில குடுத்தாரு. அப்ப அஞ்சு மாசம். ஆறாவது மாசம் குடமும் பத்தல.”

சொல்லிவிட்டாள்.

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. இத்தனை வருஷம் பொத்திவைத்ததை ஒரு சிரிப்பில் போட்டு உடைத்துவிட்டாளே. பிள்ளை முகம் வாடிவிடுமோ?

தாரிகா திரையைப் பார்த்தாள். எவர்சில்வர் குடத்தைப் பார்த்தாள். தான் பிறந்த மாதத்தை வாய்க்குள் முணுமுணுத்துக் கணக்குப் போட்டாள். கண் விரிந்தது.

“அப்போ, ஊரையே அலறவிட்டது நானா?”

“பாதி நீ,” என்றாள் அவள்.

அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல், குடத்தை இறக்கிவைத்துவிட்டுச் சிந்திய மொச்சையைப் பொறுக்கினாள்.

தாரிகா கன்ட்ரோலரை எடுத்தாள்.

தளக். தளக்.

செங்கமலம் குடத்தோடு நேராக வந்துகொண்டிருந்தாள்.

இந்த முறை தாரிகா ஓடவில்லை.